நேரசூசியில் இடம்பெறாதவர்கள்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஆசிரியர்களின் சம்பள முரண்பாடு, இடமாற்றம், பதவி உயர்வு ஆகியவை பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் நான் தவறாமல் வாசித்து வருகிறேன். யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலைகளில் 33 ஆண்டுகள் கற்பித்து, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகளைப் பிரதி அதிபராகக் கழித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில், அந்தக் குறைகள் பெரும்பாலும் நியாயமானவை என்பதை அறிவேன். எனினும், அதே பாடசாலைகளில் எங்களுக்கு முன்னர் வந்து எங்களுக்குப் பின்னர் வீடு செல்லும் காவலாளி, அலுவலகப் பணியாளர், சுத்திகரிப்புத் தொழிலாளி, ஆய்வுகூட உதவியாளர், நூலக உதவியாளர் ஆகிய கல்விசாரா ஊழியர்களைப் பற்றி ஒரு கடிதத்தையேனும் வாசித்த நினைவு எனக்கில்லை. அவர்கள் எழுதுவதில்லை. எழுதிவிட்டு மறுநாட்காலை அதே அதிபரின் முன்னால் போய் நிற்பது எப்படி என்ற தயக்கம் அவர்களுக்கு உண்டு. ஆகவே, அவர்களோடு நீண்ட காலம் வேலை செய்தவளும், சில வேளைகளில் அவர்கள்மீது அநியாயமாகச் சுமை ஏற்றியவளுமான நான் இதனை எழுத முன்வந்தேன்.

ஆசிரியருக்கும் கல்விசாரா ஊழியருக்கும் இடையிலான வேறுபாடு என்றதும் எல்லோரும் முதலில் சம்பளத்தை நினைப்பார்கள். அந்த வேறுபாடு உண்மையானது. அதைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் தகைமைக்கேற்பச் சம்பளம் வேறுபடும் என்பதை அந்த ஊழியர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். நான் கண்டவரையில் அவர்களை நாளாந்தம் வாட்டுவது நேரம். ஆசிரியருடைய நாள் காலை 7.30 மணிக்கு ஆரம்பித்துப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிகிறது. அந்த ஆறு மணித்தியாலமும் 40 நிமிடங்கள் கொண்ட எட்டுப் பாடவேளைகளாகப் பிரிக்கப்பட்டு, இடைவேளை எப்போது, எந்த வகுப்பு யாருக்கு, எந்தப் பாடவேளை ஓய்வு என்பதெல்லாம் எழுதப்பட்டு, அதிபரின் அறைச் சுவரில் வர்ணக் கோடுகளுடன் நேரசூசியாகத் தொங்குகிறது. வராத ஆசிரியருக்குப் பதிலாக ஒரு வகுப்பைப் பார்க்கச் சொன்னால், "என்னுடைய ஓய்வுப் பாடவேளையை எடுத்துவிட்டீர்களே" என்று என்னிடம் கேட்பதற்கு எந்த ஆசிரியருக்கும் உரிமை இருந்தது, கேட்டார்கள், நானும் மறுநாள் ஈடு செய்தேன். கல்விசாரா ஊழியருக்கு இப்படி ஒரு சுவர்த்தாள் இல்லை. அவர்களுடைய கடமைப்பட்டியல் என்று ஏதேனும் கோப்பில் இருந்தால், அதன் கடைசி வரி "அதிபரால் காலத்துக்குக் காலம் ஒப்படைக்கப்படும் ஏனைய கடமைகள்" என்பதாக இருக்கும். நடைமுறையில் அந்தக் கடைசி வரியே அவர்களுடைய முழு வேலையும் ஆகிவிடுகிறது.

நான் பிரதி அதிபராக இருந்த பாடசாலையில் பணியாற்றிய ஓர் ஊழியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரையோ பாடசாலையின் பெயரையோ சொல்லப் போவதில்லை. திறப்புக்கோர்வை அவரிடம் இருந்தது. மெய்வல்லுநர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காகக் காலை 5.45 மணிக்கே படலையைத் திறப்பார். பிறகு வகுப்பறைகள், அலுவலகம், ஆய்வுகூடம், தண்ணீர்த் தாங்கிக்கான மோட்டார். பாடசாலை விட்ட பின்னர் புலமைப்பரிசில் வகுப்பு, சாதாரண தர வகுப்பு, அதன்பின் பரிசளிப்பு விழாவுக்கான நடன ஒத்திகை. சனிக்கிழமை பாண்ட் வாத்தியப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் சங்கக் கூட்டம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருந்தார். அந்த ஆசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். திறப்போடு வந்தவர் மட்டும் ஒருவரே. ஒரு தடவை அவர் மயங்கி விழுந்த பின்னர், நான் ஒரு வாரம் முழுவதும் அவருடைய வருகையையும் புறப்பாட்டையும் என் நாட்குறிப்பில் குறித்துப் பார்த்தேன். அந்த வாரம் அவர் பாடசாலைக்குள் இருந்த நேரம் 66 மணித்தியாலம். வரவு இடாப்பில் இருந்ததோ வழமையான கையொப்பங்கள் மட்டுமே. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கான படிவத்தை நிரப்பி அனுப்பினோம். நிதி ஒதுக்கீடு இல்லை என்று திரும்பி வந்தது. அதன்பின் இன்னொரு தடவை அனுப்ப நாங்களும் முயலவில்லை.

அவருடைய மகளின் சாமத்தியச் சடங்கின்போது இரண்டு நாள் லீவு கேட்டார். "யாரையாவது ஒழுங்குபடுத்திவிட்டுப் போங்கள்" என்று சொன்னேன். அவர் தன் மைத்துனரைக் கூட்டிவந்து, எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்று ஒரு மாலை முழுவதும் காட்டிக்கொடுத்துவிட்டுச் சென்றார். அந்த மைத்துனருக்கு ஒரு சதமும் யாரும் கொடுக்கவில்லை. இதில் ஏதும் தவறிருப்பதாக அன்று எனக்குத் தோன்றவேயில்லை. பல மாதங்களின் பின்னர், ஓர் ஆசிரியையின் மகப்பேற்று விடுமுறைக்குப் பதிலாள் தேடி வலயப் பணிமனைக்கு மூன்றாம் முறை நடந்துகொண்டிருந்தபோதுதான் அது என் மனதில் உறைத்தது. ஆசிரியர் லீவு எடுத்தால் பதிலாள் தேடுவது நிர்வாகத்தின் வேலை. ஊழியர் லீவு எடுத்தால் பதிலாள் தேடுவது ஊழியரின் வேலை. அரச ஊழியர் என்ற வகையில் ஆண்டுக்கு 45 நாள் லீவு அவருக்குத் தாபன விதிக்கோவையின்படி உண்டு. ஆனால் அவர் இல்லாத நாளில் படலையைத் திறக்க ஆளில்லாத பாடசாலையில் அந்த 45 நாள் கோப்பில் மாத்திரம் இருந்து, ஆண்டு முடிவில் காலாவதியாகிவிடும்.

தவணை விடுமுறையை எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மார்கழி மாதம் பாடசாலை மூடப்படுகிறது. ஆசிரியருக்கு அது சம்பளத்துடன் கூடிய விடுமுறை. விடைத்தாள் திருத்துவதும் அடுத்த தவணைக்கு ஆயத்தம் செய்வதும் உண்டென்றாலும், வீட்டிலிருந்து செய்யலாம். நிரந்தர நியமனம் பெற்ற ஊழியருக்குத் தவணை விடுமுறை என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் இல்லாத வளவில் அவர் ஒவ்வொரு வேலைநாளும் வந்து ஒப்பமிட்டு, மழைக்கு வளரும் புல்லை வெட்டி, மேசை கதிரைகளைத் திருத்தி, வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதக் கொடுப்பனவில் அமர்த்திய சுத்திகரிப்புப் பெண்ணுக்கோ அந்த மாதம் வேலையும் இல்லை, பணமும் இல்லை. ஒரே வளவில், ஒரே மாதத்தில், ஒருவருக்கு ஓய்வும் ஊதியமும், இன்னொருவருக்கு ஊதியம் மட்டும், மற்றவருக்கு இரண்டுமில்லை. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, "ரீச்சர், வளவு கூட்ட ஏதும் இருக்கோ" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு எதிராக நான் எழுதுவதாக எவரும் கருதிவிட வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே வீட்டைவிட்டுப் புறப்பட்டு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பேருந்தில் போய்வரும் ஆசிரியைகளையும், குறிகட்டுவானில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்பவர்களையும் எனக்குத் தெரியும். நானும் தீவகத்தில் நான்கு ஆண்டுகள் கடமையாற்றியவள். ஆனால் ஆசிரியர்களாகிய எங்களுக்கு எங்கள் குறைகளைச் சொல்லும் வழியும் வலுவும் இருந்தன. ஆசிரியர்களின் அந்தஸ்துப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் இணைந்து 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. வேலை நேரம், வகுப்பின் பருமன், விடுமுறை, தொழிற்சங்க உரிமை எல்லாம் அதில் உண்டு. 1994ஆம் ஆண்டு இலங்கை ஆசிரியர் சேவை உருவாக்கப்பட்டு, தரங்களும் பதவி உயர்வுப் படிகளும் வகுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி தொடக்கம் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி ஒக்ரோபர் மாதம் வரை நடத்திய போராட்டத்தின் பயனாக, சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழுவின் பரிந்துரைகளில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரி முதல் சம்பளத்தில் சேர்ந்தது. இவ்வளவும் எங்களுக்குக் கிடைத்தமைக்கு எங்கள் எண்ணிக்கை ஒரு முக்கிய காரணம். ஓர் ஆசிரியர் அறையில் நாற்பது பேர் அமர்ந்திருப்போம். ஒருவரின் குறை ஒரு மணித்தியாலத்தில் எல்லோருடைய குறையாகிவிடும். கல்விசாரா ஊழியர்களோ ஒரு பாடசாலைக்கு ஒருவர், இருவர், மிஞ்சினால் ஐவர். பக்கத்துப் பாடசாலையில் தன்னைப் போலவே ஒருவர் 66 மணித்தியாலம் நிற்கிறார் என்பதை அறியும் வாய்ப்புக்கூட அவருக்கு இல்லை.

கல்விக்குத் துணைசெய்யும் ஊழியர்களுக்கென உலக ஆசிரியர் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டு முதல் மே 16ஆம் திகதியை ஒரு நாளாகக் கொண்டாடி வருகிறது. யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலையிலும் அந்த நாள் நினைவுகூரப்பட்டதை நான் கண்டதில்லை. ஒக்ரோபர் 6ஆம் திகதி எங்கள் நாட்டில் ஆசிரியர் தினம். பிள்ளைகள் மாலை போட்டு, காலில் விழுந்து, பாட்டுப் பாடி, பரிசுப் பொருள்கள் தந்து, மதியம் விருந்தும் தருவார்கள். அன்று காலை மண்டபத்தில் கதிரைகளை அடுக்கியவர், மதியம் இலைகளை எடுத்தவர், பிற்பகல் மீண்டும் கதிரைகளைக் களஞ்சியத்தில் வைத்தவர் எல்லாம் அந்த இருவர் மூவர்தான். ஓர் ஆண்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே யோசித்து அவர்களையும் மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு சேலையும் வேட்டியும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மேடையில் ஏறத் தெரியாமல் படியிலேயே நின்றுவிட்டார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியது எங்கள் ஆசிரியர் கூட்டம் எதிலும் அதற்கு முன்னர் எவருக்கும் தோன்றவில்லை.

சம்பள விடயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலம் அது 40,000 ரூபாவாக, மூன்று ஆண்டுகளில் கட்டங்கட்டமாக உயர்த்தப்பட ஏற்பாடாகி, முதற்கட்டம் அந்த ஆண்டு ஏப்ரலில் கிடைத்தது. ஆண்டுச் சம்பள ஏற்றத்தின் ஆகக் குறைந்த தொகையும் 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாகியது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்த பின்னர் மாதச் சம்பளத்தில் 250 ரூபா மட்டுமே கூடிய காலத்தில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஆசிரியர்களும் கஷ்டப்பட்டார்கள். ஆனால் மாலையில் நாலு பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பெடுத்துக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் வழி பலருக்கு இருந்தது. மாலையிலும் பாடசாலைப் படலையில் நிற்பவருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

நிரந்தர நியமனம் உள்ளவரின் நிலை இதுவென்றால், அது இல்லாதவர்களின் நிலையை என்னவென்று சொல்வது? 2022ஆம் ஆண்டு அரசாங்கம் புதிய ஆட்சேர்ப்புகளை நிறுத்திய பின்னர், ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரம்பாமல், ஆளணி காகிதத்தில் ஒன்றாகவும் வளவில் வேறொன்றாகவும் இருக்கின்ற பாடசாலைகள் பல உண்டு. அந்த இடைவெளியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் பெறும் பணத்தால் நிரப்புகிறது. தனியார் துறைக்கான தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. நான் மேலே குறிப்பிட்ட, வளவு கூட்ட வேலை கேட்டு வந்த பெண் இன்றும் இதில் பாதியைக்கூடப் பெறவில்லை. கடையில் நிற்கும் பிள்ளைக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் பிள்ளை நூற்றுக்கு 8 வீதமுமாக ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தப்படுகிறது. பதினொரு ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளின் மலசலகூடங்களைக் கழுவிய அந்தப் பெண்ணின் பெயரில் எந்த நிதியிலும் ஒரு சதமும் இல்லை. ஓய்வூதியமில்லை, அரச ஊழியருக்குள்ள அக்ரஹார காப்புறுதி இல்லை, பண்டிகை முற்பணம் இல்லை. இவ்வளவுக்கும் அவரை வேலைக்கு அமர்த்திய சங்கத்தின் தலைவர் அதிபர்தான்.

இவ்விடத்தில், கல்விசாரா ஊழியரும் அல்லாமல் ஆசிரியரும் அல்லாமல் இடையில் நிற்கும் ஒரு பகுதியினரையும் குறிப்பிடாமல் விட முடியாது. அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகள், நடைமுறையில் வகுப்பெடுக்கிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள்; ஆசிரியர் சேவையில் மாத்திரம் இல்லை. அவர்களுக்குப் படிப்பும் சங்கமும் குரலும் இருப்பதால் அவர்களின் கோரிக்கை செய்தியாகவாவது வருகிறது. 2020ஆம் ஆண்டு குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கான பல்நோக்கு அபிவிருத்திச் செயலணித் திட்டத்தின் மூலம் பாடசாலைகளுக்கு வந்தவர்களுக்கு அந்தக் குரலும் குறைவு.

சுத்திகரிப்பு வேலையைப் பற்றி எழுதும்போது யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் சாதியைப் பற்றிப் பேசாமல் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மண்ணின் பாடசாலைகளில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக அமர வேண்டும் என்பதற்காகப் பெரும் போராட்டம் நடந்தது. சமாசனம் (சமமாக அமர்தல்), சமபோசனம் (சமமாக உண்ணுதல்) என்ற சொற்கள் எங்கள் பெற்றோரின் தலைமுறைக்குப் பழக்கமானவை. 1957ஆம் ஆண்டு, சாதியின் பேரால் ஒதுக்குவதற்கு எதிராகச் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமும் வந்தது. பிள்ளைகள் இன்று ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள். ஆனால் பாடசாலையில் ஒரு சுத்திகரிப்புத் தொழிலாளிக்கான இடம் வெற்றானபோது, நிர்வாகக் கூட்டமொன்றில், "அந்தப் பகுதியிலிருந்து ஒருவரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். எந்தப் பகுதி என்று எவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. நானும் பேசாமல் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டும்.

அப்படி வந்தவருக்கு அமர ஒரு கதிரை எங்கே? ஆசிரியர் அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு இலாச்சி, சுவரில் ஒரு மின்விசிறி. அவருக்கு மாமரத்தடியும் களஞ்சிய வாசற்படியும். சாப்பாட்டுப் பெட்டியை மண்வெட்டிகளுக்கும் விளக்குமாறுகளுக்கும் இடையில் வைப்பார். உடை மாற்ற இடமில்லை. ஒரு முறை மலசலகூடம் கழுவும் அமிலம் பட்டுக் கையில் தோல் உரிந்துவிட்டது. இரண்டு சோடி இறப்பர் கையுறையும் ஒரு சோடி பூட்ஸும் வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலைமனுக் கோரி, ஒப்புதல் பெற்று, காசோலை எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆகியது. அந்த ஐந்து வாரமும் மலசலகூடங்கள் வழமைபோலவே கழுவப்பட்டன. அதே பாடசாலையில் ஆய்வுகூடத்துக்குள் பிள்ளைகள் நுழையும்போது அமிலத்தைக் கையாள்வது பற்றி முதற்பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி பாடசாலை வளவும் சோதனைக்குட்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பீலியிலோ கைவிடப்பட்ட தாங்கியிலோ நுளம்புக் குடம்பியைக் கண்டால் அறிவித்தல் அதிபரின் பெயருக்கு வருகிறது. ஏச்சு அந்த ஊழியருக்குப் போகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயன்படுத்தும் வளவில் ஒவ்வொரு யோகட் கோப்பையையும் பொறுக்கி எடுப்பதற்கு எத்தனை பேர் தேவை என்ற கேள்வியை அந்த நேரத்தில் கேட்பவர் இல்லை.

பேச்சு வழக்கில் உள்ள மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. நேற்று நியமனம் பெற்று வந்த இருபத்தாறு வயது ஆசிரியரை ஐம்பத்தைந்து வயது ஊழியர் "சேர், நீங்கள்" என்று அழைக்கிறார். அந்த ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லி, "நீர் போய் இதை எடுத்து வாரும்" என்கிறார். யாழ்ப்பாணத்தில் "நீங்கள்" என்பதற்கும் "நீர்" என்பதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று இங்கு எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். பிள்ளைகளில் பலர் அந்த ஊழியரை அண்ணை என்றும் அம்மா என்றும் உரிமையோடு அழைப்பதை நான் கண்டிருக்கிறேன். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வந்ததும் அவர்களும் எங்களைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் இளம் ஆசிரியை. கைக்குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு மழையில் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தேன். எங்கள் பாடசாலையின் நினைவே எனக்கு அன்றிரவு வரவில்லை. சில வாரங்களின் பின்னர் சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலில் பாடசாலையை மீண்டும் ஆரம்பித்தபோது, எங்கள் அலுவலகப் பணியாளர் துவிச்சக்கரவண்டியில் இரண்டு உரப்பைகளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். உள்ளே பொலித்தீன் சுற்றிய சேர்வு இடாப்புகள். தன் வீட்டுப் பாத்திரங்களை விட்டுவிட்டு அவற்றை எடுத்து வந்திருந்தார். பின்னாளில் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போன எத்தனையோ பழைய மாணவர்கள் விடுகைப் பத்திரம் கேட்டு எழுதியபோது, அந்த இடாப்புகளைப் பார்த்துத்தான் கொடுத்தோம். அந்தப் பாடசாலை பின்னர் வெளியிட்ட ஆண்டு நிறைவு மலரில் அதிபர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாகவும், ஆசிரியர்களின் பெயர்கள் பாட வாரியாகவும் அச்சாகின. அவருடைய பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மலர்க் குழுவில் நானும் இருந்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இது பழைய கதை என்று எவரும் சொல்லலாம். 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் மூழ்கி, உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டு டிசெம்பர் 4ஆம் திகதி மீண்டும் ஆரம்பமானதை எல்லோரும் அறிவார்கள். அந்த நாட்களில் வீடுகளில் வெள்ளம் புகுந்த குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கின. இரவில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர், மின்குமிழ் போட்டவர், கிணற்று நீருக்குக் குளோரின் இட்டவர், அவர்கள் வீடு திரும்பியதும் வகுப்பறைகளைக் கழுவிப் பிள்ளைகளுக்கு ஆயத்தமாக்கியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊழியர்களில் பலருடைய வீட்டுக்குள்ளும் அன்று வெள்ளம் நின்றது.

இனி என் வேண்டுகோள். சம்பளத் திட்டத்தை மாற்றுவது கொழும்பின் கையிலும், ஆளணியை நிரப்புவது மாகாணத்தின் கையிலும் இருக்கிறது. அவற்றுக்காகத் தொழிற்சங்கங்கள் பேச வேண்டும்; ஆசிரியர் சங்கங்கள் அடுத்த முறை கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கல்விசாரா ஊழியர்களையும் அழைத்து ஒரே மேசையில் இருந்து எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் ஒரு காரியத்துக்கு எவருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் நேரசூசி தயாரிக்கும் பிரதி அதிபர்கள், ஊழியர்களுக்கும் ஒரு நேரசூசியைத் தயாரிக்கலாம். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், எப்போது முடிவு, மாலை வகுப்புக்கும் சனிக்கிழமைப் பயிற்சிக்கும் படலையைத் திறப்பது அந்த நிகழ்ச்சிக்குப் பொறுப்பான ஆசிரியரா ஊழியரா, மேலதிகமாக நின்ற மணித்தியாலங்களுக்கு ஈடாக எந்த நாளில் லீவு, அவர் இல்லாத நாளில் பொறுப்பு யாருக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அவரையும் ஒப்பமிடச் செய்து, எங்கள் நேரசூசிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடலாம். திறப்புக்கோர்வையின் இரண்டாவது பிரதியைச் செய்விக்கச் சில நூறு ரூபா போதும். நான் கடமையில் இருந்தபோது இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அபிவிருத்திச் சங்கங்கள் தாம் அமர்த்தும் பணியாளருக்குப் பன்னிரண்டு மாதமும், சட்டம் சொல்லும் தொகைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பணமில்லை என்று சொல்வார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளை வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவுக்கும் கேட்போர்கூடத்துக்கும் பெருந்தொகை அனுப்புவதை நாம் காண்கிறோம். அந்தக் கேட்போர்கூடத்தைக் கழுவுபவரின் சம்பளத்துக்கென ஒரு நிரந்தர வைப்பை அவர்கள் ஏற்படுத்துவார்களானால், அதற்குக் கல்வெட்டு வைக்க இடமில்லாவிட்டாலும், மார்கழி மாதம் ஒரு வீட்டில் அடுப்பெரியும். தங்கள் பத்திரிகையின் வெளிநாட்டு வாசகர்கள் இதைத் தத்தம் சங்கக் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டுமென அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தை வாசிக்கும் கல்விசாரா ஊழியர்கள், பெயரையும் பாடசாலையையும் மறைத்தாவது, தம்முடைய ஒரு வார வேலைநேரத்தைக் குறித்துத் தங்கள் பத்திரிகைக்கு அனுப்புவார்களாயின், அதனை இதே பக்கத்தில் வெளியிட்டு உதவுமாறு பத்திரிகை ஆசிரியர் அவர்களை வேண்டுகிறேன். காலையில் படலையைத் திறந்த நேரத்தையும் மாலையில் பூட்டிய நேரத்தையும் மட்டும் எழுதினால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர்,
வடமராட்சி.